எந்த வகைக் கதை உங்களுடையது? சுங்கை சிப்புட்டில் புதிதாக எழுத வருவோருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் நாங்கள் நடத்தும் வாசகர் சந்திப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள். எந்த வகைக் கதை தமக்குக் கைவரும் என்பது ஒன்று; அண்மையில் வாசித்ததைப் பற்றி நாலு பேர் முன்னால் எப்படிப் பேசுவது என்பது மற்றொன்று. முதல் கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். இரண்டாவதைக் கேட்காமலே பின்வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். பல ஆண்டுகளாக இச்சந்திப்பை நடத்திவருகிறவன் என்ற முறையில் நான் அவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: இரண்டாவதைப் பொறுப்போடு செய்யத் தொடங்கினால், முதலாவதற்கான விடை அதற்குள்ளிருந்தே கிடைக்கும். தாம் வாசித்ததை யாரோடும் பகிர்ந்துகொள்ளாத எழுத்தாளர் தமக்குரிய கதைவகையைக் கண்டடைய மிக நீண்ட காலம் எடுத்துக்கொள்கிறார். நானும் அப்படிப் பதினைந்து ஆண்டுகளை இழந்தவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கதைவகை என்று நான் குறிப்பிடுவது துப்பறியும் கதை, பேய்க்கதை, வரலாற்றுப் புனைவு, அறிவியல் புனைவு, குடும்பக் கதை, சிறார் கதை என்று வாசகர்கள் தாமே பெயர் சொல்லிக் கேட்கும் பிரிவுகளைத்தான். ஒவ்வொரு வகையும் முதல் பக்கத்திலேயே வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது. நடந்தது என்ன என்பதை முடிவுக்குள் சொல்லிவிடுவேன் என்கிறது துப்பறியும் கதை. உன் வீட்டுக் கொல்லைப்புறத்தையே நீ அஞ்சும்படி செய்வேன் என்கிறது பேய்க்கதை. உன் பாட்டன் மூச்சுவிட்ட காற்றை நீயும் ஒருமுறை சுவாசிக்கலாம் என்கிறது வரலாற்றுப் புனைவு. இவற்றுள் எந்த வாக்கைக் கொடுத்துவிட்டுக் காப்பாற்ற உங்களால் முடியுமோ, எதைக் காப்பாற்றுவதற்காகப் பத்து முறை திருத்தி எழுதவும் உங்களுக்குச் சலிக்காதோ, அதுவே உங்கள் வகை.

தொடங்குவதற்கு முன்னால் ஒரு தயக்கத்தைக் களைய வேண்டும். ரப்பர்த் தோட்டப்புறத்திலிருந்து வருகிறவர் தோட்டத்துத் துயரத்தைத்தான் எழுத வேண்டும், அதுவும் குடிகாரத் தந்தை, உழைத்துத் தேய்ந்த தாய், படிப்பை நிறுத்திய பிள்ளை என்ற வரிசையில்தான் எழுத வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே வேரோடியிருக்கிறது. அந்த மரபை நான் மதிக்கிறேன். 1950ஆம் ஆண்டில் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தியபோது, முறையான இலக்கியக் கல்வி எதுவும் பெறாத வாசகர்களும் சிறுகதையின் இலக்கணத்தை ஒரு செய்தித்தாளின் வழியாகவே கற்றுக்கொள்ள முடிந்தது. இந்நாட்டுத் தமிழ்ச் சிறுகதை வளர்ந்த வழிகளில் அதுவும் ஒன்று. ஆனால் முன்னோர் தம் காலத்தின் அவசரத்தால் எழுதியதை நாம் பழக்கத்தால் திரும்ப எழுதினால் அது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. துப்பறியும் கதையோ பேய்க்கதையோ எழுதுகிறவர் இலக்கியத்துக்கு வெளியே நிற்கிறார் என்று எவரேனும் சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

முதல் படி: வாசிப்புக் கணக்கு

ஐந்து ரிங்கிட்டுக்கும் குறைவாக விற்கும் ஒரு பள்ளிக் குறிப்பேடு போதும். கடந்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் முழுமையாக வாசித்து முடித்த கதைகளையும் நாவல்களையும், நினைவுக்கு வரும் வரிசையிலேயே எழுதுங்கள். வாரப் பதிப்பில் வந்த சிறுகதை, கைப்பேசியில் வாசித்த தொடர்கதை, இடைநிலைப் பள்ளியில் பாடமாக வைக்கப்பட்ட மலாய் நாவல், யாரோ விட்டுச்சென்ற ஆங்கிலப் புத்தகம் எல்லாமே கணக்கில் சேரும். மற்றவர் பார்த்தால் என்ன நினைப்பார் என்று எதையும் மறைக்காதீர்கள். இந்தக் குறிப்பேட்டை யாரும் கேட்கப் போவதில்லை.

பிறகு ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே இரண்டு செய்திகளை மட்டும் குறியுங்கள். தூக்கத்தைத் தள்ளிவைத்து வாசித்தது எந்த இடம்? பக்கங்களைத் தாண்டிப் போனது எந்த இடம்? நன்றாக இருந்தது, சுமாராக இருந்தது என்பன போன்ற தீர்ப்புகள் இங்கே பயன்படா. எங்கள் சந்திப்புக்கு வரும் ஓர் இளம்பெண், ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்டு வேலை செய்கிறவர், தாம் காதல் கதைகளையே விரும்பி வாசிப்பதாக உறுதியாக நம்பியிருந்தார். கணக்கு எழுதிப் பார்த்தபோது, அந்தக் காதல் கதைகளில் அவர் தூக்கம் விட்டு வாசித்த இடங்கள் அனைத்தும் யாரோ ஒருவர் ஒரு கடிதத்தையோ ஒரு பெயரையோ மறைத்துவைத்த இடங்களாக இருந்தன. காதலர்கள் சேரும் பக்கங்களை அவர் பெரும்பாலும் தாண்டியிருந்தார். அவர் இப்போது மர்மக் கதை எழுதுகிறார். தலைப்புகளின் பட்டியல் நம் விருப்பத்தைப் பற்றி நாம் நம்புவதைத்தான் காட்டும். தூக்கம் கெட்ட இடங்களின் பட்டியல் உண்மையைக் காட்டும்.

பட்டியலில் பத்துத் தலைப்புகூடத் தேறவில்லை என்றால், எழுதுவதைச் சில மாதங்கள் தள்ளிவைத்துவிட்டு வாசியுங்கள். இதைக் கடுமையாகச் சொல்வதாக எண்ண வேண்டாம்.

இரண்டாம் படி: வாசித்ததைப் பகிர்தல்

எங்கள் சந்திப்பில் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் உண்டு. புதியவர்கள் செய்யும் பொதுவான பிழை கதைச் சுருக்கம் சொல்வது. முதல் அத்தியாயத்தில் தொடங்கி இவன் அவளைப் பார்த்தான், அவள் ஊருக்குப் போனாள் என்று சொல்லிக்கொண்டே வந்தால், ஐந்து நிமிடம் முடியும்போது கதாநாயகன் இரயிலில்கூட ஏறியிருக்க மாட்டான். கேட்டவர்களுக்குப் புத்தகத்தை வாசிக்கும் ஆசையும் போய்விடும்.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்து பாருங்கள். நூலின் பெயரையும் ஆசிரியரையும் தெளிவாகச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காட்சியில் எழுத்தாளர் எதைச் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார், அது உங்களை என்ன செய்தது என்பதை மூன்று நிமிடம் பேசுங்கள். எஞ்சிய இரண்டு நிமிடத்தில், உங்களுக்கு ஒவ்வாத ஓர் இடத்தையும் அதற்கான காரணத்தையும், இந்நூல் எப்படிப்பட்ட வாசகருக்குப் பிடிக்கும் என்பதையும் கூறுங்கள். குறையைச் சொல்லும் கடமையை நான் ஒருபோதும் தளர்த்தியதில்லை. ஏனெனில் 'அருமை' என்ற சொல்லோடு முடியும் பேச்சிலிருந்து பேசியவரும் எதையும் கற்பதில்லை, கேட்டவரும் கற்பதில்லை. மர்மக் கதையின் முடிவை மட்டும் வெளியிடாதீர்கள். அது அந்த எழுத்தாளர் கொடுத்த வாக்கை நாம் முறிப்பதாகும்.

எடுத்துக்காட்டாக, நான் சென்ற மாதம் பேசியதைச் சொல்கிறேன். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலை மறுபடியும் வாசித்திருந்தேன். ஜப்பானியர் ஆட்சியில் 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைத்து அமைக்கப்பட்ட 415 கிலோமீட்டர் இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுசெல்லப்பட்ட வரலாறு அந்நாவலின் களம். பாதையின் நீளத்தையும் ஆண்டையும் எந்த வரலாற்று நூலிலும் தெரிந்துகொள்ளலாம். நான் பேசியது, பெரிய வரலாற்றைக் கையாளும் நாவலாசிரியர் ஒரு தனிமனிதனின் கண்ணுக்குள் அதை எப்படி அடக்குகிறார் என்பதைப் பற்றி மட்டுமே. அப்போது ஓர் அண்ணன், பால்மரம் எனும் ரப்பர் மரம் சீவி ஓய்வு பெற்றவர், தம் தாத்தாவின் தம்பி சயாமுக்குப் போய்த் திரும்பாததைப் பற்றி முதன்முறையாக வாய்திறந்தார். நாற்பது நிமிடம் பேசினார். எங்கள் விதிப்படி ஐந்து நிமிடம்தான். ஆனால் எவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அந்த மாலையிலிருந்து இரண்டு பேர் வரலாற்றுப் புனைவின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். வாசிப்பைப் பகிர்வதால் வகை அமைகிறது என்று நான் சொல்வது இப்படிப்பட்ட மாலைகளை வைத்துத்தான். நீங்கள் எந்த நூலைப் பற்றிப் பேசும்போது உங்கள் குரல் மாறுகிறது என்பதை உங்களைவிட எதிரில் இருப்பவர் முன்னதாகக் கவனித்துவிடுவார். ஆகவே ஒவ்வொருவரும் பேசி முடித்த பிறகு, கேட்டவர்களில் ஒருவர் 'நீங்கள் இந்த இடத்தில் வேகமாகப் பேசினீர்கள்' என்று சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறோம்.

ஊரில் இப்படியொரு சந்திப்பு இல்லையென்றால் மூன்று பேர் போதும். கோவில் மண்டபம், பள்ளி முடிந்த பிறகு ஒரு வகுப்பறை, கோப்பிக்கடையில் கூட்டமில்லாத மதிய நேரம், எதுவும் ஆகும். புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்து இரவல் கொடுங்கள். யாரிடம் எது போயிற்று என்பதை ஒரு தாளில் எழுதிவையுங்கள். நூல்களை முழுமையாகப் படமெடுத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்புவதை மட்டும் அனுமதிக்க வேண்டாம். நம் நாட்டு எழுத்தாளர் பலர் சொந்தப் பணத்தைப் போட்டு அச்சிட்டு, நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி தூக்கிச்சென்று விற்கிறார்கள். அவர்களது உழைப்பை இலவசமாகச் சுற்றுக்கு விட்டுவிட்டு நாமும் எழுத்தாளராக வேண்டும் என்று நினைப்பது தகாது. உரிமைக்காலம் கடந்த பழைய நூல்கள் வேண்டுமென்றால், 1998இல் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் முறையாகவே கிடைக்கின்றன.

மூன்றாம் படி: ஒரு வகையில் ஆழ வாசித்தல்

கணக்கும் பகிர்வும் சேர்ந்து ஏதோ ஒரு வகையைச் சுட்டிக்காட்டியிருக்கும். அந்த வகையில் பத்து நூல்களைத் தேடி வாசியுங்கள். அவற்றுள் குறைந்தது மூன்று மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ எழுதப்பட்டவையாக இருக்கட்டும். முதல் வாசிப்பு வாசகராக; இரண்டாம் வாசிப்பு பென்சிலோடு. கேள்வி எந்தப் பக்கத்தில் எழுப்பப்படுகிறது, முதல் ஏமாற்றம் எங்கே, வாசகருக்கு மூச்சுவிட இடம் கொடுப்பது எங்கே என்பதை ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தால், ஐந்தாவது நூலுக்குள் அந்த வகையின் எலும்புக்கூடு கண்ணுக்குப் புலப்பட்டுவிடும்.

நம் வாழ்வை வெளியிலிருந்து வந்து எழுதியவர்களையும் வாசிக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்துச்சென்ற அகிலன் 'பால்மரக் காட்டினிலே' என்ற நாவலில் மலேசியத் தோட்டத்தைக் களமாக்கினார். விருந்தினர் கண்ணுக்கு எது வியப்பாகப் படுகிறது, வீட்டிலேயே இருப்பவர் எதைப் பார்க்காமலே போகிறார் என்பதை எடைபோட அது உதவும்.

நான்காம் படி: வகையை நம் மண்ணில் ஊன்றுதல்

இந்தப் படியில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். சென்னையில் நடக்கும் துப்பறியும் கதையை அப்படியே எடுத்து, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி எழுதிக் கொண்டுவருவார்கள். நீதிமன்றக் காட்சியில் திரைப்படத்தில் கேட்ட வசனம் வரும். மலேசியாவில் 1995 முதல் ஜூரி முறை கிடையாது என்பதோ, உயர்நீதிமன்ற நீதிபதியை 'யாங் அரிஃப்' என்று அழைப்பார்கள் என்பதோ எழுதியவருக்குத் தெரிந்திருக்காது. இவ்வூரில் பிறந்த ஒருவருக்கு மட்டுமே தெரிந்த செய்தியில் கதையின் முடிச்சை வையுங்கள். அப்போதுதான் உங்கள் இடத்தில் வேறொருவர் உட்கார முடியாது.

துப்பறியும் கதையை எடுத்துக்கொள்வோம். என் அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவினார். விடியுமுன் எழுந்து, பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு முடிந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தனக்குரிய மர வரிசையான நிரைக்குப் போவார். குளிர்ந்த விடியற்காலையில் மரத்துக்குள் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற வடிவது குறைந்து நின்றுவிடும். மழை பெய்து மரம் நனைந்திருந்தால் சீவ முடியாது. வடிந்த பாலை எடுக்காமல் விட்டால் அது பால் பிடிக்கும் கிண்ணமான மங்கிலேயே உறைந்து கட்டியாகிவிடும். வெட்டின் மேல் மிஞ்சியது ஒட்டுப்பாலாகக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். இப்போது ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். சீவப் போன ஒருவர் திரும்பவில்லை. அவரது நிரையில் முதல் நூற்றிருபது மரங்களில் மங்கு நிறைந்திருக்கிறது. அடுத்த மரத்தில் வெட்டு பாதியில் நிற்கிறது. அதற்கடுத்தவை தொடப்படவே இல்லை. அவர் எந்த மரத்தடியில், ஏறக்குறைய எந்நேரத்தில் வேலையை விட்டார் என்பதை எந்தப் பட்டணத்துத் துப்பறிவாளரைவிடவும் விரைவாக, வேலையை மேற்பார்க்கும் ஒரு தண்டலோ, பக்கத்து நிரைக்காரரோ சொல்லிவிடுவார். நள்ளிரவில் மழை பெய்தது என்று ஒரு சாட்சி சொன்னால், மங்கில் இருக்கும் சுத்தமான பால் அவரைப் பொய்யர் ஆக்கிவிடும். அதோடு பால் நிறுக்கும் கணக்குப் புத்தகம் இருக்கிறது. ஒவ்வொருவரும் அன்றன்று கொண்டுவந்த எடை அதில் தோட்ட எழுத்தரான கிராணியின் கையெழுத்தில் பதிவாகியிருக்கும். கடிகாரமும் சாட்சியும் ஆவணமும் ஒரே காட்டுக்குள் அமைந்த இப்படியொரு களம் துப்பறியும் எழுத்தாளருக்கு எளிதில் வாய்ப்பதில்லை. இதை இன்னும் நம்மில் எத்தனை பேர் எழுதப் போகிறோம் என்று ஏக்கத்தோடு காத்திருக்கிறேன்.

பேய்க்கதை எழுத விரும்புகிறவருக்கு நான் சொல்வது, பயத்துக்கு ஓர் உடல் கொடுங்கள் என்பதுதான். செம்பனைக் காட்டில் இரவு நடந்தவர்களுக்குத் தெரியும், திடீரென்று ஒரு கிறீச்சிட்ட அலறல் எழும், உடல் சிலிர்க்கும். அது கூகை. எலிகள் செம்பனைப் பழத்தைத் தின்று அழிப்பதால், அவற்றைக் கட்டுப்படுத்துவதற்கென்றே பல தோட்டங்கள் கம்பம் நட்டுப் பெட்டி வைத்துக் கூகைகளை வளர்க்கின்றன. கூகை அலறினால் ஆகாது என்று நம் பாட்டிமார் நம்பினார்கள். தோட்ட நிர்வாகமோ அதே பறவைக்கு வீடு கட்டிக் கொடுக்கிறது. காரணம் தெரிந்த ஒலியைக் காரணம் தெரிந்தவர் கேட்டும் அஞ்சுகிற இடத்தில் கதை பிறக்கும். அதுபோலவே, லயங்கள் என்ற தொழிலாளர் வீட்டு வரிசைகள் இடிக்கப்பட்டுத் தாமான் எனும் புதுக் குடியிருப்பு வீடுகள் எழுந்த பிறகும் சாலை ஓரத்தில் தனித்து நிற்கும் முனியாண்டி கோவிலும், மலாய் அயலார் சொல்லும் பொந்தியானாக் என்ற பெண்பேயின் கதைகளும், அவர்களது இடுகாடுகளில் பூக்கும் கம்போஜாவின் மணமும் நமக்கு அருகிலேயே இருக்கின்றன. ஒரு சமூகத்தின் அச்சத்தை எழுதும்போது அதன் நம்பிக்கையை இழிவுபடுத்தாமல் எழுதுவது இவ்வகையின் முதல் ஒழுக்கம். முனீஸ்வரரை வெறும் பயமுறுத்தும் பொருளாக எழுதிய ஒரு கதையை எங்கள் சந்திப்பில் வாசித்தபோது முதியவர்கள் மனம் வருந்தினார்கள். எழுதியவர் காவல் தெய்வம் என்பதன் பொருளை மறந்திருந்தார்.

வரலாற்றுப் புனைவுக்கு நம் ஊரைவிடப் பொருத்தமான இடத்தை நான் அறியேன். 1948 ஜூன் 16 காலையில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியர் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்தே மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அந்தச் செய்தி எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. பாடநூலில் இல்லாதது, அன்று காலை அத்தோட்டங்களில் பால் சீவிக்கொண்டிருந்த நம்மவர் வெடிச்சத்தத்தைக் கேட்டு என்ன நினைத்தார்கள் என்பது. அதன் பிறகு முள்வேலிக்குள் வாழ்ந்ததும், ஊரடங்கு நேரத்துக்குள் திரும்ப வேண்டியிருந்ததும், காட்டுக்குள் இருப்போருக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று சோறு கட்டிச் செல்லத் தடை விதிக்கப்பட்டதும் 'கம்யூனிஸ்டு காலம்' என்ற சொல்லோடு நம் முதியவர்களின் நாவில் இன்னும் எஞ்சியிருக்கின்றன. அவர்கள் உயிரோடு இருக்கும்போதே போய்க் கேளுங்கள். கேட்கும்போது பெரிய கேள்விகளை விடுத்துச் சிறிய கேள்விகளைக் கேளுங்கள்: வேலி வாசலில் காவலர் எதைச் சோதித்தார், அன்று என்ன குழம்பு, பிள்ளைகள் எங்கே விளையாடின. சொன்னதை அவர்களது சொல்லிலேயே குறித்துக்கொண்டு, கதையில் பயன்படுத்துவதற்கு அனுமதி பெறுங்கள். தேதியையும் இடத்தையும் பழைய நாளிதழ்களோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் தமிழ் முரசின் பழைய இதழ்களை இணையத்தில் பார்வைக்கு வைத்திருக்கிறது. பெண்கள் இவ்வகையை எழுத முன்வந்தால் பெரிதும் மகிழ்வேன். 1943இல் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கென அமைந்த ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்தும் இளம்பெண்கள் சேர்ந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளின் கதை இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே இருக்கிறது.

அறிவியல் புனைவு நம் களத்துக்குப் பொருந்தாது என்று ஒரு மாணவர் சொன்னார். அவரைக் கோலகங்சாருக்குப் போய் அங்கே நிற்கும் பழைய ரப்பர் மரத்தைப் பார்த்துவரச் சொன்னேன். 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டனுக்குக் கொண்டுபோகப்பட்ட விதைகளில் முளைத்த கன்றுகளுள் இருபத்திரண்டு 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. இந்தப் பகுதியின் ரப்பர்க் காடுகள் பெரும்பாலும் அந்தச் சிறு கூட்டத்தின் வழிவந்தவை. தென்னமெரிக்காவில் ரப்பர் இலையைக் கருக்கும் ஒரு பூஞ்சை நோய் உண்டு. பிரேசிலில் ஹென்றி ஃபோர்டு அமைத்த பெருந்தோட்டங்கள் தோற்றதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். அந்நோய் இங்கே நுழையாதிருக்க இன்றும் காவல் காக்கிறார்கள். நெருங்கிய உறவுடைய கோடிக்கணக்கான மரங்கள், அந்தப் பூஞ்சையின் ஒரே ஒரு வித்து காற்றில் வந்து இறங்கும் நாள்: இதைவிட வேறென்ன வேண்டும்? அந்த மாணவர் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்.

குடும்பக் கதைக்கும் சிறார் கதைக்கும் தனியாக இங்கே நீட்டவில்லை. சிறார் கதை எழுதுகிறவர் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியில் அனுமதி பெற்று ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும். பிள்ளைகள் எந்த வரியில் நெளிகிறார்கள் என்பதே முழுப் பாடமாக இருக்கும்.

ஐந்தாம் படி: மூன்று சிறுகதைச் சோதனை

வகையைத் தேர்ந்ததும் நாவல் தொடங்காதீர்கள். ஒரே வகையில் மூன்று சிறுகதைகள் எழுதுங்கள், ஒவ்வொன்றும் ஆயிரம் முதல் ஆயிரத்தைந்நூறு சொற்களுக்குள். முதல் கதை நீங்கள் வாசித்தவற்றின் சாயலில் இருக்கும்; அது இயல்பு. இரண்டாவது தடுமாறும். மூன்றாவதை எழுதும்போது உங்களுக்குச் சலிப்புத் தட்டினால், வகை தவறு. முதல் படிக்குத் திரும்புங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்றாவதை முடிக்கும் முன்பே நான்காவதற்கான முடிச்சு மனத்தில் விழுந்திருந்தால், வகை உங்களுடையது.

கதைகளை இரண்டு பேரிடம் கொடுங்கள்: அந்த வகையை விரும்பி வாசிக்கும் ஒருவர், அதை ஒருபோதும் வாசிக்காத ஒருவர். முன்னவரிடம் 'எந்த இடத்தில் முடிவை ஊகித்தீர்கள்?' என்று கேளுங்கள். பின்னவரிடம் 'எங்கே நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனீர்கள்?' என்று கேளுங்கள். கதை பிடித்ததா என்று இருவரிடமும் கேட்க வேண்டாம். நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டார்கள்.

மொழியைப் பற்றி

கதை சொல்லும் நடை செம்மையாக இருக்கட்டும். பேச்சு இவ்வூர்ப் பேச்சாக இருக்கட்டும். சென்னைத் தமிழையோ திரைப்படத் தமிழையோ நம் லயத்து அக்காவின் வாயில் வைத்தால் வாசகர் உடனே கண்டுகொள்வார். நம்மவர் பசியாறினீர்களா என்று கேட்கிறார்கள். ரப்பரைக் கித்தா என்கிறார்கள். காவலாளியை ஜாகா என்கிறார்கள். இச்சொற்களுக்கு அடிக்குறிப்புப் போட வேண்டாம். காட்சி தெளிவாக இருந்தால் தமிழ்நாட்டு வாசகருக்கும் யாழ்ப்பாணத்து வாசகருக்கும் தாமாகவே விளங்கும். சீனக் கடைக்காரரோ வங்காளதேசத்துத் தொழிலாளரோ பேசும்போது அவர்களது மொழியைக் கேலிக்குரியதாக ஆக்காமல், சுருக்கமான நேரான தமிழில் எழுதுங்கள். இன்று செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். நம் பாட்டன்மார் வந்த நிலையில் அவர்கள் வந்திருக்கிறார்கள் என்பதை எந்த வகைக் கதையிலும் மறக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அனுப்புதல்

நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகள், இணைய இதழ்கள், எழுத்தாளர் சங்கங்களும் பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகளும் நடத்தும் போட்டிகள் ஆகியவற்றின் விதிகளை முழுமையாக வாசித்துவிட்டு அனுப்புங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்கு அனுப்ப வேண்டாம். பதில் வராத கதையை மூன்று மாதம் பொறுத்து, திருத்தி, வேறோர் இடத்துக்கு அனுப்பலாம். பின்னாளில் நூலாக்கும்போது தேசிய நூலகத்தில் ஐ.எஸ்.பி.என். எண் பெற்றுக்கொள்ளுங்கள், சட்டப்படி அங்கே படிகளை ஒப்படைக்கவும் வேண்டும்.

முதல் சந்திப்புக்கு வரும்போது குறிப்பேட்டையும் அண்மையில் வாசித்த ஒரு புத்தகத்தையும் மட்டும் கொண்டுவாருங்கள். சொந்தக் கதையை அன்று எடுத்துவர வேண்டாம். முதலில் நீங்கள் வாசித்ததைக் கேட்கிறோம். கதையை மூன்றாம் மாதம் கேட்போம்.